ஓடைக்குப் படி வைத்தவர்

என் மாமாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆபரேட்டர் என்றால்தான் தெரியும். தபால்கூட 'ஆபரேட்டர் வீடு, ஓடைத் தெரு' என்று எழுதினால் சரியாக வந்து சேரும். அத்தையும் அப்படித்தான். "ஆபரேட்டர், சாப்பாடு ஆறுது" என்று சமையலறையிலிருந்து சத்தம் கொடுப்பாள். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது. இருபது வருடத்தில் கேலி தேய்ந்து கூப்பிடுவது மட்டும் மிஞ்சிவிட்டது.

அவர் ஓட்டுவது பொக்லைன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், இருபத்தாறு வருடமாக அந்த சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். மலைச்சாலை வேலை, பாலத்துக்கு அடித்தளம் தோண்டுவது, சரிந்து விழுந்த மண்ணை அள்ளுவது என்று எல்லாம் செய்வார். ஆனால் அவர் பேர் வாங்கியது கல்லில்தான். மற்ற ஆபரேட்டர்கள் டிப்பரில் கல்லைப் போட்டால் வண்டி ஒரு குதி குதிக்கும். மாமா போட மாட்டார், வைப்பார். டிரைவர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தால்கூடத் தளும்பாது. பக்கெட்டில் கல்லை இரண்டு முறை புரட்டிப் பார்த்து, தட்டையான முகம் எது என்று கண்டுபிடித்து, அது கீழே வரும்படி உட்கார வைத்து, பக்கெட்டின் முதுகால் லேசாக ஒரு தட்டு தட்டுவார். கல் ஆடினால் மறுபடி எடுப்பார்.

"கல்லு உக்காரணும். உக்காந்த கல்லுதான் நிக்கும்" என்பார்.

"மூணு டன் கல்லை மெதுவா வைக்கத் தெரியும். ஒரு டம்ளரை மெதுவா வைக்கத் தெரியாது" என்பாள் அத்தை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீடு இருந்தது. பதினோரு வருடத்தில் மூன்று அறைகள், ஒவ்வொன்றாகக் கட்டியது. முதலில் தகரக் கூரை போட்ட முன் அறை. பிறகு நடு அறை. அங்கேதான் ஜன்னலோரமாக அத்தையின் தையல் மெஷின். கடைசியாக, ஓடையைப் பார்த்தாற்போல் சமையலறை. சமைக்கும்போது அத்தை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அந்த ஜன்னலைப் பெரியதாக வைத்தார். சிமெண்ட் தரையைத் தன் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கினார். நான் எழுதுவதெல்லாம் அந்த வீடு நிற்குமா நிற்காதா என்பதைப் பற்றித்தான்.

அந்த ஓடையைச் சொல்ல வேண்டும். மேலே பாறை வளைவிலிருந்து கீழே பாலம் வரை நானூறு மீட்டர் இருக்கும். அந்தத் தூரம் முழுக்க அது ஓடவில்லை, இறங்கியது. நிஜமாகவே மாடிப்படி மாதிரி. குறுக்கே ஒரு வரிசைப் பெருங்கற்கள், அதன் மேலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு ஒரு விழுதல், அடியில் ஒரு மடு. மடுவில் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி மூச்சு வாங்கிவிட்டு, ஏழெட்டு மீட்டர் தள்ளி அடுத்த வரிசைக்குப் போகும். மறுபடி விழுதல், மறுபடி மடு. வீட்டுக்குப் பின்னால் இருந்த வரிசையில் ஒரு கல் மட்டும் மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரியது. கருப்பாக, பாதி முழுகிப் படுத்திருக்கும். அதற்கு எருமை என்று பெயர். சிறுவயதில் எருமையின் முதுகில் உட்கார்ந்து கால் நனைத்திருக்கிறேன். அதை யாரோ அங்கே கட்டிவைத்தார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

யாரும் கட்டவில்லை. கல்லூரியில் மூன்றாம் வருடம்தான் எனக்கு அது தெரிந்தது. எப்போதோ ஒரு பெருவெள்ளத்தில், எந்தத் தண்ணீராலும் இனி நகர்த்த முடியாத ஒரு கல் வந்து மாட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் கற்கள் அதன் தோளில் சாய்கின்றன. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையில் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. பின்னால் சிறு கற்கள் வந்து இண்டு இடுக்கை அடைக்கின்றன. இப்போது தண்ணீர் ஏறி விழுந்துதான் ஆக வேண்டும். விழுகிற வேகத்தில் அடியில் மடு தோண்டுகிறது, தோண்டுவதிலேயே அதன் பலம் செலவாகிவிடுகிறது. அதனால் கரையைத் தொடாமல் போகிறது. சரிவு அதிகமானால் படிகள் நெருங்கும், குறைந்தால் விலகும். கரும்பலகையில் பேராசிரியர் படம் வரைந்தபோது, இது எங்க வீட்டு ஓடை சார் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நான் வகுப்பில் அதிகம் பேசாதவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஏதாவது சொல்லி, அது தவறாக இருந்து, நான் இந்த இடத்துக்கு உரியவள் இல்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் நான்கு வருடமும் போகவில்லை.

சேர்ந்த முதல் நாள் மாமாதான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் வைத்துவிட்டு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாமா."

"வேலை செய்றவங்களை விடமாட்டாங்கம்மா. நீ போ. நான் இங்கயே இருக்கேன்." சாயங்காலம் வரை அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து என்னைக் கூப்பிடுவது பட்டதாரி என்றுதான். முதல் செமஸ்டர் பரீட்சைகூட எழுதவில்லை, அதற்குள் பட்டம் கொடுத்துவிட்டார். "நாமல்லாம் சொன்னதைச் செய்றவங்க. இவ ஏன்னு கேப்பா" என்று வேலையிடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்த மூன்றாம் வருட மழையில் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறியது. கடைத்தெருவுக்குள் முழங்கால் அளவு வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நீர்வழி அலுவலகத்துக்குப் போய் நின்றார்கள். அங்கிருந்த என்ஜினியர் ஓடையை வந்து பார்த்தார். "ஓடைங்கறது தண்ணி போற வழி. வழியில எதுக்கு இத்தனை கல்லு?" என்று கேட்டார். பாலத்திலிருந்து பாறை வளைவு வரை கற்களை எடுத்துச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. வேலையை எடுத்த காண்ட்ராக்டரின் பொக்லைனை ஓட்டுபவர் என் மாமா.

இருபத்து மூன்று நாள் எடுத்தார். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். மதியச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அத்தையின் ஜன்னலுக்கு நேர் கீழே அவர் எருமையை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கெட்டைக் கழற்றிவிட்டு பிரேக்கர் மாட்டி மூன்று நாள். மூன்றாம் நாள் அது பிளந்தபோது கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது. அத்தையும் தட்டினாள். நானும்.

படித்த பாடத்துக்கு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குறிப்பேடு வீட்டில்தான் இருந்தது. கல்லூரியில் சொல்வது வேறு, அலுவலகம் போடும் உத்தரவு வேறு, உத்தரவு போடுகிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேனா, அல்லது எதுவுமே நினைக்கவில்லையா? இப்போது யோசித்தால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, "நல்லா உடைச்சீங்க மாமா" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

கற்களெல்லாம் டிப்பர் டிப்பராக மலைச்சாலையின் தடுப்புச் சுவருக்கும் ஜல்லி உடைக்கும் இடத்துக்கும் போயின. ஓடை வாய்க்கால் மாதிரி ஆனது.

முதல் மழையில் தண்ணீர் சத்தமே இல்லாமல் சறுக்கிக்கொண்டு போனது. கடைத்தெருவில் ஒரு சொட்டு இல்லை. மாமாவுக்கு டீக்கடையில் இரண்டு நாள் ராஜமரியாதை. கற்களை எடுத்த இரண்டாம் வருடம் பாலத்துக்குச் சற்று மேலே, ஓடையின் தரையில் ஒரு முழ ஆழத்தில் ஒரு வெட்டு விழுந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த வெட்டு மேல்நோக்கி நகர்ந்தது. தண்ணீர் கீழே போகிறது, பள்ளம் மேலே வருகிறது. ஊரில் இதைச் சொன்னால் சிரித்தார்கள். அத்தைக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. "கீழ்த் தையல் விட்டுப்போச்சுன்னா அப்படித்தான் மேலேறிப் பிரிஞ்சுக்கிட்டே வரும்" என்றாள். மூன்றாம் வருடம் அது வீட்டுக்குப் பின்னால் வந்தது. துணி துவைக்கும் கல் ஒரு நாள் அந்தரத்தில் தொங்கியது, மறுநாள் காணவில்லை. சமையலறைச் சுவரில், ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரை வரை ஒரு விரிசல். மாமா அதில் சிமெண்ட் பூசினார். ஒரு மாதத்தில் பூச்சும் விரிந்தது.

அந்த வருடம்தான் நான், படிப்பை முடித்து ஒரு வருடம் வேலை தேடி அலைந்த பிறகு, அதே நீர்வழி அலுவலகத்தில் தற்காலிக அளவைப் பணியாளராகச் சேர்ந்தேன். ஆறு மாத வேலை. முதலில் எனக்குக் கொடுத்ததே எங்கள் ஓடைதான். பாலத்திலிருந்து பாறை வளைவு வரை ஐந்து மீட்டருக்கு ஒரு இடத்தில் அளவுக்கம்பத்தை நிறுத்தி மட்டம் பார்த்தேன். பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஓடையின் தரை இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

அறிக்கையைப் பார்த்த என்ஜினியர் பக்கங்களைப் புரட்டினார். "கல்லை எடுத்ததாலன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"எடுத்தது உங்க மாமாதானே?"

நான் தலையாட்டினேன். "மனு கொடுக்கச் சொல்லுங்க. பார்க்கலாம்" என்று கோப்பை மூடினார்.

மாமா மனு கொடுத்தார். பதில் வந்தது, மனு கிடைத்தது என்று. அன்று நடு அறையில் அத்தை யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மாமா தரையில் உட்கார்ந்து என் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன். விரலால் கோட்டைத் தொட்டு மேலிருந்து கீழே இறக்கினார்.

"இது முன்னாடி இருந்தது. இது இப்போ. சரியா?"

"சரி மாமா."

"எடுத்ததைத் திரும்ப வச்சா?"

தையல் மெஷின் நின்றது. அத்தை திரும்பவில்லை. ஆனால் கால் மிதியிலிருந்து எழுந்துவிட்டது.

நான் குறிப்பேட்டை எடுத்தேன். வீட்டின் நீளத்துக்கும், இருபக்கமும் கொஞ்சம் சேர்த்தும் அறுபது மீட்டர். சரிவுக்குக் கணக்கிட்டால் ஏழு படி, ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் உயரம், எட்டு அல்லது ஒன்பது மீட்டருக்கு ஒன்று. படம் வரைந்து காட்டினேன். வரையும்போது எனக்கே நம்பிக்கையாக இருந்தது. படம் என்றால் அப்படித்தான். பென்சிலால் போட்ட கல் அசையாது.

"ஏழு போதுமா? ஒண்ணு கூடவே வச்சிடறேனே" என்றார் மாமா.

"இது என்ன பலகாரமா, கூட ஒண்ணு வைக்கறதுக்கு? அவ சொன்னதை வைங்க" என்றாள் அத்தை. அன்று ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

காண்ட்ராக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாலையோரம் மிஞ்சிக் கிடந்த கற்களிலிருந்து நல்லதாக நாற்பத்தைந்தை மாமா பொறுக்கினார். ஏழு ஞாயிறு. ஞாயிறுக்கு ஒரு படி.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நான் ஒரு கடப்பாறையை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். அடுத்த படி வர வேண்டிய இடத்தில் குத்திப் பார்த்தேன். கல்லில் பட்டு ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை. வெண்ணெயில் இறங்குவது மாதிரி இரண்டு சாண் இறங்கியது. இழுத்துப் பார்த்தால் முனையில் மஞ்சள் களிமண். இரண்டடி தள்ளிக் குத்தினேன். அங்கேயும் அதே. மேலே இருந்த கல் போர்வை முழுக்க அரித்துப் போய், ஓடை அதன் அடியில் இருந்த மண்ணுக்கே இறங்கிவிட்டது. அந்த மண்ணில் எந்தக் கல்லும் சாய இடமில்லை. தண்ணீர் விழுந்தால் கல்லுக்குக் கீழே தோண்டும், கல் தன் பாரத்திலேயே புதையும். அதோடு, அவர் கற்களை வைத்த விதம். தட்டை முகம் கீழே, சுவருக்கு வைப்பது போல், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிதானமாக உட்கார்ந்திருந்தது. ஓடைக் கற்கள் அப்படி நிற்பதில்லை. தண்ணீர் வரும் பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, விட்டால் விழுந்துவிடும் என்பது போல்தான் நிற்கின்றன. விழாததற்குக் காரணமே அந்த நெருக்கடிதான்.

அவர் வந்ததும் இந்த இரண்டாவதை மட்டும் சொன்னேன். "மாமா, கொஞ்சம் சாய்ச்சு வைக்கணுமோ? ஒண்ணு மேல ஒண்ணு முட்டுற மாதிரி?"

பக்கெட்டில் கல்லைப் புரட்டியபடியே சிரித்தார். "பட்டதாரி, சாஞ்ச கல்லு விழும். இருபத்தாறு வருஷமா ஒரு கல்லைச் சாய்ச்சு வச்சதில்ல. வச்சிருந்தா இந்த மலைச்சாலையில பாதி கீழ கெடக்கும்."

நான் மறுபடி சொல்லவில்லை. சாலைச் சுவரில் அவர் சொல்வது சரி. ஓடைக்கு நான் சொன்னது சரி. ஆனால் அது பெரிய விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். சாய்த்து வைத்தாலும் அந்த மண்ணில் நிற்காது. பெரிய விஷயம் கடப்பாறை முனையில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. கரையில் அத்தை டீத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து. கணக்குப் போட்டு ஏழு என்று சொன்னவள் நான். என் வாய் வார்த்தையை நம்பி இறங்கியவர்கள். இப்போது போய் இது வீண் என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை நிற்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடப்பாறையைக் கழுவி, இருந்த இடத்திலேயே சாத்தினேன்.

ஏழாவது படி முடிந்த அடுத்த வாரத்திலிருந்து பதினைந்து நாள் சிறு மழைகள் வந்தன. அந்தப் பதினைந்து நாளை எழுதாமல் விட்டால் அது அநியாயம். ஓடை மறுபடி இறங்கியது. ஏழு விழுதல், ஏழு மடு. பழைய சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அத்தை சமையலறை ஜன்னலை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தாள். மாமா தெருவில் போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினார்.

"யார் போட்ட கணக்கு தெரியுமா? என் அக்கா பொண்ணு!"

"அப்போ எடுத்தது யாரு ஆபரேட்டர்?" என்று தபால்காரர் கேட்டார்.

"அதுவும் நான்தான். எடுக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் வைக்கத் தெரியும்."

நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். மூன்றாவது படியின் ஓரக் கல் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்தேன்.

பெரிய மழை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. அலுவலகத்திலிருந்து ஓடி வந்தேன். மாமா வேலையிலிருந்து அப்படியே வந்து பின்வாசலில் நின்றிருந்தார். தண்ணீர் காபி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் படிகள் நின்றன. பிறகு கீழே இருந்து முதல் படி போனது. உருண்டு போகவில்லை. இருந்த இடத்திலேயே மெதுவாகக் கீழே இறங்கியது, களைத்துப் போனவர் உட்காருவது போல. அது இறங்கியதும் அதற்கு மேலே இருந்ததன் காலடி வெறுமையானது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் போகும்போது தரைக்குள் ஒரு மந்தமான சத்தம் கேட்டது, காதைவிட உள்ளங்காலில்தான் அதிகம். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன.

"வெளிய வாங்க" என்று நான் கத்தினேன். அத்தை அடுப்பில் இருந்த பாத்திரத்தை எடுக்கத் திரும்பினாள். மாமா அவள் தோளைப் பிடித்து நடு அறைக்குள் தள்ளினார். அப்போது கரை போனது. ஜன்னல் முதலில் வெளியே சாய்ந்தது, பிறகு சுவர், பிறகு தரை. அவர் கையால் தேய்த்த தரை ஒரே பலகையாக, உடையாமல் சரிந்து தண்ணீரில் மட்டமாகப் போய் விழுந்தது. அடுப்பு, தண்ணீர்க் குடம், அலமாரி, பின்கதவு எல்லாம் போயின. நடு அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த வாசலில் நின்றுகொண்டு நாங்கள் மூன்று பேரும் ஓடையைப் பார்த்தோம். இப்போது அந்த வாசல் ஓடைக்கு நேராகத் திறந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து வந்து முன்சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டார்கள். குடியிருக்கத் தகுதியில்லை. மாற்று இடத்துக்கு மனு கொடுக்கலாம், முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

அன்று முன் அறையில் மாமா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. டிப்பர் வந்துவிட்டதா என்று கேட்பது போலக் கேட்டார்.

"அன்னிக்கு கடப்பாறையைக் கழுவி வச்சிருந்தே. என்ன பார்த்தே?"

அவர் கவனித்திருக்கிறார். "களிமண்ணு மாமா. ரெண்டு சாண் இறங்கிச்சு."

"அப்போ நிக்காதுன்னு தெரியும்."

"தெரியும்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அழுதால் நன்றாக இருக்கும் போலிருந்தது. ஆனால் அழுவதும் ஒரு வகையில் அவர்கள் வாயை அடைப்பதுதான் என்று தோன்றியதால் அழாமல் இருந்தேன்.

"சொல்லியிருந்தா" என்றார் கடைசியில், "மிச்சமிருந்த ஞாயித்துக்கிழமையில ஜன்னல், கதவு, அலமாரி எல்லாத்தையும் கழட்டியிருப்பேன். அவ அடுப்பை இந்தப் பக்கம் மாத்தியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் அதற்கு நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

"திரும்ப அந்தப் படியெல்லாம் தானா வருமா?" என்று அத்தை கேட்டாள்.

இந்த முறை நான் யோசிக்கவில்லை. "வரும் அத்தை. மேல இருந்து எருமை மாதிரி ஒரு கல்லு வரணும். அதைத் தள்ளிக்கிட்டு வர அளவுக்கு ஒரு வெள்ளம் வரணும். அப்புறம் மத்த கல்லு வந்து சேரணும். முப்பது வருஷம் ஆகலாம். நூறும் ஆகலாம்."

"அந்த வெள்ளம் வந்தா நம்ம வீடு?"

"இருக்காது."

"சரி" என்றாள், ஏதோ கடையில் சாமான் இல்லை என்று கேட்டுக்கொண்டது போல.

மாமா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். போன மாதம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு ஓடையைச் சுத்தம் செய்ய உத்தரவாகியிருக்கிறது. அதே காண்ட்ராக்டர், அதே பொக்லைன். நான் என்ஜினியரிடம் கடிதம் கொடுத்தேன். இந்த முறை எல்லாவற்றையும் எழுதினேன், களிமண்ணையும் சேர்த்து. கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. என் ஆறு மாதமும் முடிந்துவிட்டது, நீட்டிக்கவில்லை.

"நீங்க போகாம இருக்கலாமே மாமா" என்றேன்.

"நான் போகலன்னா இன்னொருத்தன் போவான். அவன் கல்லைத் தூக்கிப் போடுவான். டிரைவர் பாவம்" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனார். நாளுக்கு ஒரு மடு காணாமல் போகிறது என்று அவரே வந்து சொன்னார்.

இப்போது நான் அவர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் டேப் எடுத்துக்கொண்டு போகிறேன். நடு அறையின் வெளிச்சுவரில் ஒரு ஆணி அடித்திருக்கிறேன். ஆணியிலிருந்து, சமையலறைத் தரை சறுக்கிப் போன பின் மிஞ்சிய மண்ணின் விளிம்பு வரை அளக்கிறேன். முதல் வாரம் மூன்று மீட்டர் நாற்பது. அடுத்த வாரம் மூன்று பத்து. மழையே பெய்யாத வாரத்திலும் காய்ந்து வெடித்து இருபது சென்டிமீட்டர் உதிர்கிறது. மாமா உள்ளே இருந்தபடியே கேட்பார், "எவ்வளவு?" நான் சரியான எண்ணைச் சொல்வேன். ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

நேற்று ஒன்று எண்பது.

"இன்னும் எத்தனை வாரம் தாங்கும்?" என்றார்.

"வாரக் கணக்கு இல்ல மாமா. ஒரு பெரிய மழை. அவ்வளவுதான்."

அவர் எழுந்து திருப்புளியை எடுத்தார். அத்தை தையல் மெஷினை இழுத்து முன் அறைக்குக் கொண்டுபோனாள். அங்கே ஏற்கனவே இரண்டு பெட்டிகள், கட்டில், பாத்திர மூட்டை. மெஷினை வைத்ததும் கட்டிலில் ஏற ஒருபக்கமாகத் திரும்பித்தான் போக வேண்டியிருந்தது. மாமா நடு அறை ஜன்னலின் மேல் கீலைக் கழற்றினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். ஒரு கதவு வந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தோம். வெட்டவெளியாய் இருந்த ஓட்டை வழியே ஓடை தெரிந்தது. சத்தமில்லாமல், மஞ்சளாக, நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"இதையெல்லாம் எந்த வீட்டுல மாட்டப் போறீங்க ஆபரேட்டர்?" என்று அத்தை முன் அறையிலிருந்து கேட்டாள்.

மாமா இரண்டாவது கதவின் கீழ்க் கீலில் திருப்புளியை வைத்துத் திருகினார். அது துருப்பிடித்திருந்தது. எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். சமையலறையில் இருந்தது, என்றாள் அத்தை.